பெனடிக்ற் அண்ணன் போடாத கையெழுத்து

தன்னாமுனையிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் காலைத் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை. "உங்கட அண்ணன் போயிற்றார் தம்பி," என்றார் பெனடிக்ற் அண்ணனின் மனைவி. அலுவலகத்துக்குப் போனால் வாசலில் அஞ்சலிப் பிரசுரம். 'மேலதிகாரிகளோடு என்றும் இணங்கிப் பணியாற்றியவர்' என்று போட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதரை இதைவிட அவமதிக்க முடியாது.

மருத்துவச் சாதனங்களைத் திருத்தும் பகுதியில் அவரும் நானும் ஒரே மேசையில் இருந்தோம். கடல் வந்து ஊர்களை அள்ளிப்போன பிறகு, கரையோரக் கிராம மருத்துவ நிலையங்கள் அம்புலன்சை அழைப்பதற்கென்று இருபக்கமும் கதைக்கும் றேடியோக்கள் நன்கொடையாக வந்தன. அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளைகளைச் சோதிக்கும் வேலை எங்களுக்கு. பதின்மூன்று வோல்ற்றுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மீற்றர் சரியாகவே காட்டியது. "முடிஞ்சுதானே, கையெழுத்த வைங்க," என்றார் அதிகாரி.

அண்ணன் சும்மா அளந்து எதையும் நம்பமாட்டார். அவருடைய பால்மாப் பேணிக்குள் எப்போதும் ஒரு கார் ஹெட்லைற் பல்ப் இருக்கும். அதைப் பவர் சப்ளையில் பாரமாகக் கொழுவினார். பல்ப் மங்கலாக எரிந்தது. மீற்றர் ஒன்பதுக்கு இறங்கியது.

"சும்மா நிக்கிறவனிட்ட பாரம் தூக்குவியா எண்டு கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவான். கதைக்கிற பட்டன அமத்தினா றேடியோ செத்துப்போகும் சேர். உள்ளுக்கு கப்பாசிற்றர் பழுது. ரெண்டு நாள் தாங்க, மாத்தித் தாறன்."

"நாளைக்குத் திறப்புவிழா. வந்த சாமானைக் கழட்டவும் ஏலாது."

அண்ணன் பேனையை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குத் தண்டனையாக அவரைக் களஞ்சிய அறைக்குத் தூக்கிப்போட்டார்கள், உடைந்த கட்டில்களுக்குக் காவலாக. கையெழுத்தை நான் வைத்தேன்.

அந்த றேடியோக்களில் ஒன்று போன கதிரவெளியில் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்தபோது மருத்துவிச்சி பட்டனை அமத்தினார். றேடியோ அணைந்துபோனது. உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. விசாரணையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? மருத்துவிச்சிக்கு றேடியோ பாவிக்கத் தெரியாதாம்! வெட்கம் கெட்டவர்கள். வாயை மூடிக்கொண்டிருந்த நானும் அவர்களில் ஒருவன்தான்.

இடையில் மூண்ட சண்டை ஓய்ந்து, மூடிக்கிடந்த பாதை திறந்ததும் அண்ணன் லீவு போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு கதிரவெளிக்குப் பஸ் ஏறினார். கப்பாசிற்றரை மாற்றினார். பல்ப் பளிச்சென்று எரிந்தது, மீற்றர் அசையவில்லை. மருத்துவிச்சியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"உங்களில பிழையில்ல பிள்ள. இதிலதான் பிழை." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் ஒருக்காச் சொல்லு."

நான் வயரைச் சுற்றுவதுபோலக் குனிந்துகொண்டேன். அவர் அதைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவேயில்லை.

நேற்று அடக்கத்தின்போது அலுவலகத்தார் அஞ்சலிக் கொப்பியை நீட்டினார்கள். அதன் முதல் பக்கத்திலும் எழுதியிருந்த அந்த 'இணங்கிப் பணியாற்றியவர்' வசனத்தை வெட்டினேன். 'பாரத்தோடு ஒன்பது வோல்ற். பெனடிக்ற் மறுத்தார். கையெழுத்து வைத்தவன் நான். மருத்துவிச்சியில் பிழையில்லை' என்று எழுதி முழுப் பெயரையும் போட்டேன். அதிகாரி கொப்பியைப் பறிக்கப் பார்த்தார். விடவில்லை. சவப்பெட்டியின் அருகில் நின்று உரக்க வாசித்தேன். கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த கதிரவெளி மருத்துவிச்சி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

போயிற்று வாங்க அண்ணன். நீங்கள் கேட்டதைச் சொல்லிவிட்டேன். உங்கள் காது கேட்கிற காலத்தில் சொல்லாமல் விட்டேனே, அதற்கு என்னை நீங்கள் மன்னித்தாலும் நான் மன்னிக்கப்போவதில்லை.