விடுபட்ட மாடியைக் கர்த்தர் சேர்த்துக் கொடுத்தார்

ஆண்டவருடைய பிள்ளைகளே, நாங்கள் ஜெபம் பண்ணியதாலேயே எங்கள் வீடு கையை விட்டுப் போகப் பார்த்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஜெபத்தைக் கேட்டவர் எங்களை எப்படிக் கரையேற்றினார் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. கீழே ஹால், ஒரு அறை, அடுப்படி. மாடியில் இரண்டு அறைகள். தனியார் நிறுவனம் ஒன்றில் கடன் வாங்கிக் கட்டியது. நான் மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் மேலூர்ப் பக்கம் ஒரு கிரானைட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். போன வருடம் கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது பழங்காநத்தத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் பாதிச் சம்பளத்துக்கு நிற்கிறார். அந்த நேரம் பார்த்து வட்டியையும் ஏற்றினார்கள். தவணை தவறவில்லை. ஆனால் தவணைக்காக என் வளையல்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின.

ஒரே வழிதான் இருந்தது. வட்டி குறைவாக உள்ள ஒரு அரசு வங்கிக்குக் கடனை மாற்ற வேண்டும். வங்கியிலிருந்து இன்ஜினியர் வந்து வீட்டுக்கு மதிப்புப் போடுவார், அந்த மதிப்பை வைத்துத்தான் கடன் கிடைக்கும் என்றார்கள். அது நடக்காவிட்டால் வீட்டை விற்பதென்று என் கணவர் முடிவு செய்து, புரோக்கரிடமும் பேசிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு இன்ஜினியர் வருவதாகப் போன் வந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் வீட்டைப் பார்க்கும் நேரத்திலேயே ஜெபம் நடந்தால் எப்படி இருக்கும்! எங்கள் பெண்கள் ஐக்கியத் தலைவி கிரேஸ் அக்காவிடம் சொன்னேன். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. இருபது பெண்களோடு உபவாச ஜெபத்துக்கே ஏற்பாடு செய்துவிட்டார். ஹால் நிறைய பிளாஸ்டிக் நாற்காலி, வாசல் நிறைய செருப்பு. இடமில்லாதவர்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள்.

இன்ஜினியர் தம்பி வந்தபோது நான் முழங்காலில் இருந்தேன். கண்ணைத் திறக்க மனமில்லை. ஜெபத்தின் நடுவே எழுந்தால் விசுவாசக் குறைவு என்று நினைத்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது ஆளைக் காணோம்.

"ஒரு கேள்வி கேக்காம போயிட்டாரு பாத்தியா? ஸ்தோத்திரம்! காரியம் ஜெயம்" என்றார் கிரேஸ் அக்கா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த வாரம் வங்கியிலிருந்து போன். மதிப்பு மிகவும் குறைவாக வந்திருக்கிறது, கேட்ட கடனில் பாதிகூடத் தேறாது என்றார்கள். என் கணவர் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இம்புட்டுப் பேரு கூடி ஜெபம் பண்ணி என்னத்தக் கண்டோம்? புரோக்கர வரச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் எழுந்து தனியாக அழுதேன். "ஆண்டவரே, கேட்டதற்கு இதுதான் பதிலா?" என்று கோபத்தோடேயே கேட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, அன்றைக்கு அவரோடு சண்டைதான் போட்டேன். கடைசியில் தெம்பெல்லாம் போய், "எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீரே வழி காட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மாதத் தேர்வுத் தாளோடு வந்து நின்றாள். "டீச்சர், மார்க் குறையுது" என்றாள். வழக்கம்போல, "போட்டது போட்டதுதான், போ" என்று விரட்டினேன். அவள் போகவில்லை. "ஒரு பக்கத்த நீங்க திருத்தவே இல்ல டீச்சர்" என்று தாளைப் புரட்டிக் காட்டினாள். உண்மைதான். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதில் ஒரு முழுப் பக்கத்தை விட்டிருக்கிறேன். மார்க்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்குப் போட்ட மார்க்கை நான் ஏன் கேட்கவில்லை? கர்த்தர் என்னோடு பேசினார் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை.

மதியம் லீவு போட்டுவிட்டு நேராக வங்கிக்குப் போனேன். லோன் பிரிவில் இருந்த அதிகாரி, "ரிப்போர்ட்ட கஸ்டமருக்குக் காட்றதில்லைம்மா" என்றார்.

"தம்பி, நான் டீச்சர். தாளைக் காட்டாம மார்க்க மட்டும் சொன்னா எந்தப் பெத்தவங்களும் ஒத்துக்க மாட்டாங்க. எதுல குறையுதுன்னாவது சொல்லுங்க" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது? பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள் நான்.

அவர் யோசித்துவிட்டு, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். படித்தேன். கட்டடம் பொது வழிபாட்டுக் கூடமாகப் பயன்பட்டு வருகிறது என்று எழுதியிருந்தது. கீழ்த்தளம் மட்டும்தான் கணக்கில் இருந்தது. மாடியே இல்லை! பக்கத்தில் போட்டோ. ஹாலில் நாற்காலிகள், படியை அடைத்துக்கொண்டு எங்கள் பெண்கள், நடுவில் இரண்டு கையையும் உயர்த்தியபடி கிரேஸ் அக்கா.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த அதிகாரியும் சிரித்துவிட்டார். "ஏம்மா, மதிப்புக் கூடணும்னு கும்பிட்டு, மதிப்பக் குறைச்சுட்டீங்களே?" என்றார். பிறகு அவரே வழி சொன்னார். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், மாடியோடு சேர்த்து அனுமதி வாங்கிய வரைபடம், மாடியின் போட்டோக்கள், எல்லாவற்றையும் இணைத்து மறுமதிப்பீடு கேட்டு மனு எழுதினேன். என்னுடைய தப்பையும் மறைக்காமல் அதிலேயே எழுதினேன்.

வேறொரு இன்ஜினியரை அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். கிரேஸ் அக்காவிடம், "அன்னைக்கு யாரும் வர வேணாம்க்கா" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. "ஜெபமே வேணாங்கிறியா?"

"அவங்கவங்க வீட்ல இருந்து பண்ணுங்கக்கா. ஆண்டவருக்கு எல்லா வீட்டு அட்ரசும் தெரியும்."

இருபது வீடுகளில் ஜெபம் நடந்தது. நான் கண்ணை அகலத் திறந்துகொண்டு இன்ஜினியர் பின்னாலேயே நடந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, மாடி, குளியலறை, படிக்கட்டு என்று ஒன்று விடாமல் அளக்க வைத்தேன்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. மதிப்பு நாங்கள் எதிர்பார்த்ததற்கும் மேலே! கேட்ட கடன் முழுவதும் கிடைத்தது. அல்லேலூயா! தவணை குறைந்தது. புரோக்கருக்குப் போன் போட்டு, "வீடு விக்கிறதில்லண்ணே" என்று என் கணவர் சொன்ன குரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பல வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும் மனிதர், அந்த வாரம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்றும் வருகிறார்.

பிரியமானவர்களே, உங்களையும் யாராவது குறைவாக மதிப்பிட்டு அனுப்பியிருந்தால் மனம் விட்டுவிடாதீர்கள். முழங்காலில் நில்லுங்கள், அழுங்கள், என்னைப்போலச் சண்டைகூடப் போடுங்கள். அவர் தாங்கிக்கொள்வார். ஆனால் ஆமென் சொன்னதும் எழுந்து போய்க் கேளுங்கள். கேட்கும் வாயை அவர்தான் கொடுக்கிறார். உங்கள் பக்கத்தில் அவரும் நிற்பார்.