கஞ்சி போட்ட கோட்டு

எங்கள் மாவட்டத்தில் அப்போது மருத்துவக் கல்லூரி இல்லை. மருத்துவம் படிக்கத் தாயில்பட்டியிலிருந்து வெளியூர் விடுதிக்குப் போனேன். முதலாண்டில் எல்லோரும் பாலியஸ்டர் கலந்த வெள்ளைக் கோட்டு வாங்கினார்கள், அது கசங்காது. நான் மட்டும் பருத்தித் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்தாலே அது கசங்கிவிடும்.

ஒரு நாள் உயிர்வேதியியல் ஆய்வக வாசலில் ஆசிரியர் என்னை நிறுத்தினார்.

"போட்டுக்கிட்டே தூங்கினியா? மத்தவங்க மாதிரி ஒண்ணு வாங்கு."

"உள்ள ஸ்பிரிட் விளக்கு எரியுது சார். அந்தப் பாலியஸ்டர் துணியில தீப்பிடிச்சா உருகித் தோலோட ஒட்டிக்கிடும். எங்க ஊர் பட்டாசுக் கம்பெனிக்கு நைலான் சேலை கட்டிப் போனா கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாக."

"இது பட்டாசுக் கம்பெனி இல்ல. கசங்காம வந்தா உள்ள வா. இல்லேன்னா ஆப்சென்ட்."

அன்று வெளியேதான் நின்றேன். வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது. சாயங்காலம் மெஸ்ஸில் சோறு வடித்த கஞ்சியை வாங்கிக் கோட்டை முக்கிக் காயப்போட்டு, காலையில் இஸ்திரி போட்டேன். விருதுநகர் மிளகாய் வியாபாரி வீட்டுப் பெண்ணான அறைத்தோழி தொட்டுப் பார்த்தாள்.

"ஏ புள்ள, இம்புட்டு வெறப்பா இருக்கு. நீ படுத்துக்க, கோட்டு தனியா கிளாசுக்குப் போயிரும்."

அடுத்த ஆய்வக வகுப்புக்கு அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய், வாசலில்தான் மாட்டினேன். ஆசிரியர் காலரிலிருந்து கீழ்மடிப்பு வரை பார்த்துவிட்டு வழிவிட்டார். அந்த ஆண்டு முழுவதும் ஆய்வக வகுப்புக்கு முந்தைய நாளெல்லாம் கஞ்சி போட்டேன்.