சந்தனம் வைத்த நட்டு

எண்பதுகளில் நான் வாங்கிய பழைய சின்னக் காருக்கு அகலச் சக்கரம்தான் அழகு என்று முடிவு செய்தவன் என் மச்சினன். அதன் துளைகள் காரின் போல்ட்டுகளோடு பொருந்தவில்லை. கப்பலூர்ப் பட்டறையில் கடைந்த இரும்பு அடாப்டரை இடையில் வைத்து மாட்டினான். அப்போது நான் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இதற்கு அனுமதி வேண்டும், கொஞ்ச தூரம் ஓடியதும் சக்கரத்தைக் கழற்றி அடாப்டர் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும் என்றேன். அதற்குள் பூசை போட்டு, வெளியே தெரிந்த நட்டுகளுக்கெல்லாம் சந்தனம் வைத்துவிட்டான்.

மனைவி, பிள்ளைகள், மச்சினனோடு பேரையூருக்கு மனைவி வீட்டுக் குலசாமியைக் கும்பிடக் கிளம்பினோம். திருமங்கலம் தாண்டியதும் வண்டியை நிறுத்தி ஸ்பேனரை எடுத்தேன்.

"பூச போட்ட சக்கரத்த கோயில் சேருற முன்ன கழட்டக் கூடாது அத்தான். ஒங்க ஆபீஸ் சட்டமெல்லாம் சாமிக்குத் தெரியாது" என்றான். மனைவியும் தம்பி பக்கம் சேர்ந்துகொண்டாள். சக்கரம் கழன்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

ஊர் எட்டுவதற்குள் முன்சக்கரம் அடாப்டரோடு கழன்று, எங்களுக்கு முன்னால் பருத்திக்காட்டுக்குள் ஓடியது. கார் தரையில் தேய்ந்து நின்றது. நல்லவேளை, பிள்ளைகளுக்கு அடியில்லை.

மனைவி என்னைத்தான் பார்த்தாள். "கழண்டுரும் கழண்டுரும்னு சொல்லிக்கிட்டே வந்தா, கழலாம என்ன செய்யும்?"

மச்சினன் வருத்தத்தோடு தலையாட்டினான். காரைக் கெடுத்தது என் கரிநாக்குதான் என்று அவர்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு.