பனியன் துணிப் பாய்மரம்

எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் ஒல்லியானவர். விடுமுறையிலும் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். எந்தத் துணியைக் கண்டாலும் ஓரத்தைச் சுண்டிப் பார்ப்பார்.

ஓர் ஆடிப் பெருக்கன்று எல்லோரும் அமராவதி அணைக்குப் போனோம். அங்கே ஒரு பரிசலில் மூங்கிலை நட்டு, தானே தைத்து வந்த பனியன் துணியைப் பாயாகக் கட்டினார் அவர். ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. கூட்டம் சிரித்தது.

"வெட்டுல தப்பிருச்சுங்களா மாஸ்டர்?" என்றேன்.

"ஒடம்புக்குத்தானுங்க ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கோணும். காத்து ஒரு பக்கமிருந்துதானுங்க வருது."

துணியை நன்றாக நனைத்துவிட்டு, என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு பாயின் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"ஓரம் சுருள்ற வரைக்கும் விடுங்க. சுருண்டா கொஞ்சூண்டு இழுங்க."

ஈரத்துணி காற்றைப் பிடித்து, பிள்ளைத்தாய்ச்சி வயிறாகப் புடைத்தது. விட்டேன், இழுத்தேன்; பரிசல் பறந்தது. எதிர்க்கரையில் முட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"எதிர்க்காத்துல எப்படிங்க திரும்பிப் போறது?"

"நாம ஏனுங்க போகோணும்? அவங்க வருவாங்க."

திரும்பிப் பார்த்தேன். சிரித்த கூட்டம் மொத்தமும் கரையைச் சுற்றி ஓடி வந்துகொண்டிருந்தது. எல்லோருடைய கட்டுச்சோறும் எங்கள் பரிசலில் இருந்தது. அதை அவர் எப்போது ஏற்றினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.