இரண்டு மணிக்குள் ஒரு குரல்

பூசான் துறைமுகத்தில் யொங்தோ தீவின் கப்பல் பழுதுபார்க்கும் தெருவில், என் போல்ட்டுக் கடைக்கு அடுத்த கடை மேங் சுன்யொங்குடையது. மீன்பிடிப் படகுகளின் ரேடியோக்களைப் பிரித்துச் சரிசெய்வாள். ஐம்பத்து மூன்று வயது. அவசரப்படுத்துகிற படகுக்காரர்களிடம், "அவ்வளவு அவசரம்னா கத்திக் கூப்பிட்டுக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

அன்று நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்குத் தாக் பியொங்சொல் வந்தார். இருபத்தாறு வருடம் கப்பல்களின் அடித்தளத்துக்குள் இறங்கி வர்ணம் அடித்தவர். புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்து நான்கு வருடம் ஆகிறது. டார்ச் லைட் போன்ற ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்தித்தான் பேசுவார். கருவி அதிர, வாயசைவு பேச்சாகும். அன்று கருவியில் சத்தமே இல்லை.

காகிதத்தில் எழுதிக் காட்டினார்: "இன்னிக்கு ரெண்டு மணிக்கு விசாரணை. நான் பேசணும்."

அந்தக் கருவிக்கான பேட்டரியை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. வேறொன்றை மாட்டிப் பார்த்திருக்கிறார். மூன்றே நிமிடத்தில் குரல் இறங்கி அடங்கிவிட்டதாம்.

"எழுதிக் குடுத்தா ஆகாதாண்ணே?" என்று சுன்யொங் கேட்டாள்.

அதற்கும் எழுதித்தான் பதில் சொன்னார்: "எழுதிக் குடுத்து மூணு வருஷம் ஆச்சு. கூட வேலை பார்த்த கோவும் பியோவும் செத்தே போயிட்டாங்க. அந்த வேலையில இருந்ததுல மிச்சம் நான் ஒருத்தன்."

நோய் வந்தது வேலையாலா இல்லையா என்பதுதான் வழக்கு. சுன்யொங் கடைக் கதவைச் சாத்தினாள். கருவியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "இதுக்கு ஏழு வோல்ட் வேணும். ரொம்ப ஏறினா உள்ள சுருள் கருகிடும். வேற சுருள் கிடைக்காது."

பழைய துளையிடும் கருவியின் பேட்டரியை உடைத்து, உள்ளிருந்த செல்களை ஒவ்வொன்றாக அளந்து, உயிருள்ள மூன்றைச் சேர்த்து இணைத்தாள். மூன்றும் சேர்ந்தால் பன்னிரண்டு வோல்ட் வரும், பேசப் பேசக் குறையும். அதை ஏழுக்கு இறக்கி, செல் தீரும்வரை ஏழிலேயே நிறுத்த ஒரு ரெகுலேட்டர் வைத்தாள். கருவியை உடனே மாட்டவில்லை. சின்ன பல்பு ஒன்றை மாட்டினாள். மீட்டர் ஏழு காட்டியது.

இடுக்கியை எடுக்கக் கை நீட்டினாள். முழங்கை, வோல்ட்டை மாற்றும் திருகில் பட்டது. மீட்டர் பதினொன்றுக்குத் தாவியது. பல்பு பளிச்சென்று எரிந்து, கறுத்து, அணைந்தது.

தாக் தன் கருவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாக்கெட்டுல வெச்சு நடக்கப்போறது இது. திருகினா மாறுறது எதுவும் இதுல இருக்கக் கூடாது" என்றாள் சுன்யொங், தனக்கே சொல்வதுபோல. திருகைப் பிடுங்கிவிட்டு, மாறாத மதிப்புள்ள ரெசிஸ்டர்கள் இரண்டைச் சால்டர் செய்தாள். எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்கி, புதுப் பல்பு போட்டு, பெட்டியைக் குலுக்கினாள், மேசையில் தட்டினாள். மீட்டர் ஏழை விட்டு அசையவில்லை. அப்போது மணி பன்னிரண்டு இருபது.

"குடுங்கண்ணே."

தாக் தயங்கித்தான் கொடுத்தார். பெட்டியிலிருந்து நீளமாக ஒரு ஒயர் இழுத்துக் கருவியில் இணைத்துக் கொடுத்தாள். அவர் கழுத்தில் வைத்து அழுத்தினார். 'அ' என்று ஒரு துண்டு. நின்றது. மறுபடி 'அ'. நின்றது.

"திக்குவாயாக்கிட்டியே" என்று எழுதிக் காட்டினார். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அதிர்வுக்கும் முள் சரிந்து எழுந்தது.

"பசியோட இருக்கிறவன் மாதிரி ஒரே வாயா இழுக்குது. அவ்வளவு நீள ஒயர்ல வந்து சேர்றதுக்குள்ள தீந்துபோகுது." ஒயரைப் பாதியாக வெட்டினாள். தடித்ததாக மாற்றினாள். கருவிக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தைத் தேக்கி வைத்துக் கொடுக்கும் ஒரு பெரிய கெபாசிட்டரை வைத்து டேப் சுற்றினாள்.

மணி ஒன்று பத்து.

"என் பேரு தாக் பியொங்சொல்" என்றது கருவி. ஏற்ற இறக்கமில்லாத, தகரத்தைத் தேய்த்தது போன்ற குரல்.

"சத்தம் உசந்துபோச்சே. எங்க அக்கா பேசுற மாதிரி இருக்கு" என்றார் தாக்.

"உங்க அக்காகிட்ட யாராச்சும் எதிர்த்துப் பேசுவாங்களா?"

"ஒருத்தனும் பேசமாட்டான்."

"அப்ப கெளம்புங்க."

மூவரும் டாக்சியில் போனோம். வழி முழுக்க அவள் பெட்டியைத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டே வந்தாள்.

விசாரணை அறையில், கம்பெனி வக்கீல் மரியாதையாகத்தான் சொன்னார்: "ஐயா சிரமப்பட வேணாம். எழுத்துல குடுத்ததே போதும்."

"சிரமம் எனக்கு. நீங்க கேட்டா மட்டும் போதும்" என்றார் தாக்.

ஓடாத காற்றாடியைச் சொன்னார். முகமூடி கேட்டதற்கு ஈரத்துணி கொடுத்ததைச் சொன்னார். கோ வாந்தியெடுத்துக்கொண்டே ஏணி ஏறியதைச் சொன்னார். எதிரில் இருந்த விசாரணைக் குழுவினர் ஐந்து பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். பதினைந்தாவது நிமிடத்தில் சட்டென்று குரல் நின்றது. சுன்யொங் என் கையை நகம் பதியப் பிடித்தாள். அவர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கருவியை வைத்தார்.

முப்பத்தோரு நிமிடம் பேசினார். வெளியே வந்ததும் அவள் பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஏழு. "அவர் என்ன சொன்னாருன்னே தெரியாது. குரல் எறங்குதான்னுதான் கேட்டுட்டிருந்தேன்" என்று என்னிடம் சொன்னாள்.

பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தாக்குக்கும் கோவின் குடும்பத்துக்கும் சாதகம். பியோவின் வேலைப் பதிவு கிடைக்கவில்லை என்று அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள். தாக் மறுநாளே கடைக்கு வந்தார்.

"பியோவுக்காக மேல்முறையீடு போடுறேன். இன்னொரு பெட்டி செஞ்சு வை. இந்தத் தடவை நிறைய பேசணும்."

சுன்யொங் ஒரு படகு ரேடியோவை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசையைத் துடைத்தாள்.