தனி வரியில் ஒரு பெயர்

கில்டாவின் தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி மூன்று வரியாக வந்தது. ‘அக்கா’ என்று ஒரு வரி, ‘காலைல’ என்று ஒரு வரி, ‘போயிட்டா’ என்று ஒரு வரி. நெஞ்சுவலியாம். அவளை ‘அவர்’ என்று எழுதினால் அவளே சிரிப்பாள். பன்னிரண்டு வருடம் பக்கத்து மேசையிலிருந்து என்னோடு சண்டை போட்டவள்.

எங்கள் மென்பொருள் அலுவலகம் துறைமுகச் சாலையில் இருக்கிறது. வேலை போக மிச்ச நேரத்தில், பக்கத்து மீனவர் பகுதியான திரேஸ்புரத்து மக்கள் தாங்களே எழுதித் திருத்திக்கொள்ளும் ஒரு விக்கித் தளத்தை நாங்கள் இருவரும் நடத்தினோம். அவர்கள் அடிப்பதை இணையப் பக்கமாக மாற்றும் நிரலை நான் எழுதியிருந்தேன். ஒரு முறை என்டர் தட்டினால் அது கண்டுகொள்ளாது. அடுத்த வரியை முந்தைய வரியோடு ஒட்டிவிடும். நடுவில் வெற்று வரி விட்டால்தான் புதுப் பத்தி. பெரிய விக்கிகளிலும் அப்படித்தான் என்று எனக்குக் கர்வம் வேறு.

கல்லறைத் திருநாளுக்குக் கோயிலில் வாசிக்க, இறந்தவர்கள் பட்டியலைத் தளத்திலிருந்து அச்செடுத்தார்கள். ஃபோனில் அடித்தவர்கள் வரிக்கு ஒரு பெயராகத்தான் அடித்திருந்தார்கள். என் நிரல் அத்தனையையும் ஒரே பத்தியாக ஒட்டிவிட்டது. வாசித்தவர் குத்துமதிப்பாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒரே படகில் போய்த் திரும்பாத சூசையும் அவர் மகன் மரியானும், ‘சூசை மரியான்’ என்று ஒரே ஆளாகிப் போனார்கள்.

மறுநாள் மரியானின் தாய் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “அப்பனும் மவனுமா ரெண்டு பேரு போனாவ. ஒரு பேருதான வாசிச்சாவ. எம்மவன எங்க?”

“நடுவுல ஒரு வெத்து வரி விட்டிருக்கணும்மா, அதான் விதி” என்றேன். கில்டா என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். “ஏலே செல்வின், ரெண்டு பேரப் பறிகொடுத்த அம்மாட்ட போயி விதி பேசுதியே, வெக்கமா இல்ல?” எனக்குக் கோபம் வந்தது. நியாயம் அவள் பக்கம் இருந்ததால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

அன்றே நிரலை மாற்றினாள். ஒரு என்டருக்கு வரி முறியும், வெற்று வரிக்குப் பத்தி. உடனே பழைய பக்கங்கள் கந்தலாயின. அச்சுப் பிரதிகளில் இருந்தபடியே வரிக்கு வரி என்டர் தட்டி எடுத்துப் போட்ட கட்டுரைகளில் வரிகள் பாதியில் அறுந்து நின்றன. “பாத்தியா?” என்றேன், சந்தோஷமாகத்தான். எது பட்டியல், எது கட்டுரை என்று நிரலையே ஊகிக்க வைக்கலாம் என்றும் யோசனை சொன்னேன்.

“ஊகிச்சுத்தான ஒரு ஆளத் தொலைச்சோம்” என்றாள்.

மதியச் சாப்பாட்டு வேளைகளில் பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அறுந்த வரிகளைக் கையாலேயே சேர்த்தாள். மூன்றாம் நாள் நானும் பாதியை வாங்கிக்கொண்டேன். அவள் கேட்கவில்லை.

அடுத்த திருநாளில் கோயிலில் “சூசை” என்றார்கள். சற்று நிறுத்தி, “மரியான்” என்றார்கள். முன்வரிசையில் அந்த அம்மா தலைகுனிந்து சிலுவை போட்டுக்கொண்டார். என் பக்கத்தில் கில்டா தேம்பித் தேம்பி அழுதாள்.

எதைத் திருத்தினாலும் கில்டா சேமித்த கையோடு எழுந்து போகாமல், அந்தப் பக்கத்தைத் திறந்து, கோயிலில் வாசிக்கப் போகிறவர் மாதிரி ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பாள். அவளிடமிருந்து அந்தப் பழக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். நேற்று அந்தப் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டு, பக்கத்தைத் திறந்து முதலிலிருந்து வாசித்துக்கொண்டு வந்தேன். கடைசி வரியில், யாரோடும் ஒட்டாமல், ‘கில்டா’ என்று சரியாகத்தான் நின்றது. சற்று நிறுத்தி, அதையும் வாய்விட்டு வாசித்தேன்.