தோரணக் கயிற்றில் மிஞ்சிய இருபது அடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருடமாகத் தயங்கினேன். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களோடு என்னென்னவோ பேசுகிறேன். இதை மட்டும் விழுங்கிக்கொண்டே வந்தேன்.

போன வாரம் அப்புத்தளையில் இருந்து பதுளைக்கு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், நான் யாரென்று தெரியாமல், எங்கள் தோட்டத்துக் கதையையே எனக்குச் சொன்னார். "சாஞ்ச மரத்த முனியாண்டி ஐயா ரெண்டு நாளு கையால தாங்கிக்கிட்டு நின்னாராம்ங்க. ஒரு பக்தர் கனவுல போயி, ஆளுங்கள அப்புறப்படுத்துன்னு சொன்னாராம்!"

அந்த பக்தர் நான்தான். கனவெல்லாம் வரவில்லை. என்னிடம் இருந்தது ஒரு தப்புக் கணக்கு...

எங்கள் லயம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு: பத்துக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். முதல் காம்பராவுக்கு எதிரே ஓடைப் பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் முனியாண்டி கோயில், சூலம், அதன் பின்னால் ஒரு பெரிய கும் மரம், யூக்கலிப்டஸ்தான்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால், படையல் நாள் வரை முனியாண்டி எல்லைக்குள் யாரும் கால் வைப்பதில்லை, தோட்டத்தை விட்டு வெளியே போய்த் தங்குவதும் இல்லை. எங்கள் தோட்டத்து முறை அது. அந்த வருடம் வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினோம். அன்றைக்கே மழை பிடித்தது. சனிக்கிழமை காலையில் பார்த்தால், மரம் லயத்துப் பக்கம் சாய்ந்து நிற்கிறது!

தோட்டத்து ஆபீசில் சொன்னோம். ஆள் வர நாலு நாள் ஆகும் என்றார்கள்.

முதல் காம்பராவில் செல்லம்மா அக்கா. அவர் மகள் பிள்ளை பெற்று பதினொரு நாள். மழையில் பச்சை உடம்புக்காரியை எங்கே கொண்டுபோவது? மரம் விழுந்தால் வீட்டை எட்டுமா, எட்டாதா? இதுதான் கேள்வி.

என் மனைவி சரசுவின் தங்கச்சி சாந்தி பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே திருவிழாவுக்கு வந்திருந்தாள். கணித டீச்சர். கரும்பலகையில் வைக்கும் பெரிய பாகைமானியையும் ஒரு ஈர்க்குச்சியையும் எடுத்துக்கொண்டு குடையோடு வாசலில் இறங்கினாள்.

"எங்க போற? அங்கிட்டு போகக்கூடாது தெரியும்ல?"

"போக வேணாம் மாமா. முக்கோணத்துல ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் கையில இருந்தா போதும். மத்த பக்கம் தானா வந்து மாட்டிக்கும்."

"மாட்டுறதுக்கு அது என்னா, உங்க அக்கா பேச்சுல நானா?"

லயம்தான் ஒரு பக்கமாம். மரம் எதிர் முனையாம். முதல் காம்பரா மூலையில் நின்று ஈர்க்குச்சியை மரத்துக்கு நேரே பிடித்தாள் — நூறு பாகை. கடைசிக் காம்பரா மூலையில் — முப்பத்தைந்து. முக்கோணத்தில் மொத்தம் நூற்றெண்பது. அப்படியானால் மரத்தடியில் நாற்பத்தைந்து. ஒரு பக்கத்தை, அதற்கு எதிரே இருக்கும் கோணத்தின் சைனால் வகுத்தால் வரும் எண், மூன்று பக்கத்துக்கும் ஒன்றேதானாம். அதுதான் சைன் விதியாம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குக்கூட இவ்வளவும் பிடிபட்டது!

"இப்ப லயத்த அளக்கணும். டேப் இருக்கா மாமா?"

"டேப் எதுக்கு? காம்பரா பத்துக்குப் பன்னெண்டு. பத்துக் காம்பராவுக்கு நூத்தி இருவது அடி. பொறந்த லயத்தையே நான் அளக்கணுமா?"

போனில் தட்டினாள். "மொத காம்பராவுல இருந்து மரம் தொண்ணூத்தி ஏழு அடி தூரத்துல இருக்கு."

அதே நாளில் நட்ட ஜோடி மரத்தை முந்தின வருடம் வெட்டியபோது தொண்ணூறு அடி இருந்தது. ஆக, ஏழு அடி தள்ளித்தான் விழும்.

"ஏழு அடிதான் மாமா. எதுக்கும் பிள்ளைய வேற எடத்துல வச்சிருவோம்."

"காப்புக் கட்டிட்டு வீட்ட விட்டுட்டுப் போறதா? நல்லாருக்கு! ஐயா பாத்துக்குவாரு."

செல்லம்மா அக்கா, கட்டிய மூட்டையை அவிழ்த்தார். "ஏழு அடி தள்ளியே விழுமா? அப்ப மரத்துக்கு மருவாத தெரியுது. எம் மருமவனுக்குத்தான் தெரியல!" எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாவிலைத் தோரணம் கட்டினோம். கயிறு வாங்கியதும் நான்தான், அதே நூற்றிருபது அடி. முதல் காம்பராவில் தொடங்கி இழுத்துக் கட்டிக்கொண்டே போனேன். கடைசி வாசலில் கட்டி முடித்தும் கையில் ஒரு சுருள் கயிறு.

"மிச்சம் இருக்கே, படையலன்னிக்கு கோயிலுக்குக் கட்டுவமா?" என்றாள் சரசு.

சுருளை அடி அடியாக எண்ணினேன், இருபது. மிச்சம் எப்படி வரும்?

பத்துக்குப் பன்னிரண்டு... லயத்தில் பிறந்த எல்லாரும் சொல்வோம். எது பத்து, எது பன்னிரண்டு என்று யார் கேட்டார்கள்? முன்பக்கம் பத்து. உள்ளே போவதுதான் பன்னிரண்டு. லயத்தின் நீளம் நூறு அடிதான்!

சாந்தி திரும்பத் தட்டினாள். "எண்பத்தோரு அடி மாமா. ஒம்பது அடி வீட்டுக்குள்ள வருது."

ஓடினேன். தோரணக் கயிறு கையிலேயே இருந்தது. "அக்கா, பிள்ளையத் தூக்குங்க! நாஞ் சொன்னது தப்பு!"

"காப்புக் கட்டிட்டு வீட்ட விட்டுப் போகக்கூடாதுன்னு நீதானப்பா சொன்ன?"

சரசுதான் சொன்னாள்: "பிள்ளை மடுவம் தோட்டத்து எல்லைக்குள்ளதான இருக்கு? கொழுந்தெடுக்கப் போறப்ப பிள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம்தான? அங்க இருந்தா எந்த சாமி கோவிக்கும்?"

அன்று சாயங்காலத்துக்குள் தாயும் பிள்ளையும் பிள்ளை மடுவத்தில்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரம், மரம் விழுந்தது. தகரம் கிழிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. போய்ப் பார்த்தால் முதல் காம்பரா கூரை உள்ளே கிடக்கிறது. சேலைத் தொட்டிலின் மேல் ஒரு கிளை. தொட்டில் காலி.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் இல்லை... பாரம் இறங்கிய அழுகை. சாந்தி பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, இனிமே டேப் வாங்கி வைங்க" என்றாள்.

அந்தப் பாப்பா இப்போது இரண்டாம் வகுப்பு. என்னைப் பார்த்தால் "கயிறு தாத்தா" என்று கூப்பிடுவாள். ஊரார் புகழும்போதெல்லாம் எனக்குத்தான் குறுகுறுக்கும். பஸ்ஸில் அந்த மனிதரிடமும் உண்மையைச் சொல்லாமல் இறங்கிவிட்டேன். அதுதான் இன்றைக்கு எழுத வைத்தது.

கயிற்றை மிச்சம் வைத்தது முனியாண்டி ஐயாதான் — அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தூரத்தைச் சொன்னது சாந்தியின் சைன் விதி. அளக்காமல் அளந்தது நான். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் இப்படியே சொல்லுங்கள். ஐயாவுக்குக் கை ஒட்ட வைக்காதீர்கள், என் இருபது அடித் தப்பையும் கழித்துவிடாதீர்கள்.